‘ஃப்ளாஷ் பிளேயர் அப்டேட்’ என்று பில் வந்தால் காசு கொடுக்காதீர்கள்

அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை பக்கம் கம்ப்யூட்டரைச் சர்வீஸுக்குக் கொடுக்கிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் கம்ப்யூட்டர் பார்த்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்.

அம்பையில் இருக்கும் என் பெரியப்பா ரிட்டயர்டு வாத்தியார். ஓசியில் கிரிக்கெட் காட்டும் ஏதோ ஒரு தளத்தைத் திறந்திருக்கிறார். படம் வரவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம். அதன்மேல் உங்கள் ஃப்ளாஷ் பிளேயர் பழையதாகிவிட்டது, புதுப்பித்தால்தான் படம் ஓடும் என்று ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்து, கீழே பச்சையாக ஒரு பட்டன். அமுக்கியிருக்கிறார். இறங்கிய ஃபைலை ஓட்டி, அது கேட்ட இடத்திலெல்லாம் ஓகே கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து கூகுளில் எதைத் தேடினாலும் வேறு எங்கோ போகிறது. திரையின் வலது மூலையில் ‘5 வைரஸ் இருக்கிறது’ என்று டிங் டிங்கென்று அறிவிப்புகள்.

ஒரு காலத்தில் பிரவுசரில் வீடியோ, கேம் ஓட்ட உதவிய ஃப்ளாஷ் பிளேயர் என்ற ஒன்று இப்போது கிடையவே கிடையாது. 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி கம்பெனி அதைக் கைவிட்டுவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அதில் எதுவும் ஓடாதபடி பூட்டும் போட்டு, வைத்திருப்பவர்களும் அழித்துவிடுங்கள் என்றது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் அந்த மாதமே அதை எடுத்துவிட்டன. ஃப்ளாஷ் மாதிரியே பிரவுசரில் சொருகும் இன்னொரு துணை மென்பொருளான ஜாவா ப்ளக்-இன்னை அதற்கு முன்பே, 2015-இல் குரோமும் 2017-இல் ஃபயர்ஃபாக்ஸும் நிறுத்தியாயிற்று. ஒரு காலத்தில் ‘ப்ளக்-இன் பழையது’ என்று பிரவுசரே உண்மையாக எச்சரித்தது. அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் இந்த ஏமாற்றுக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

சரி, ஏமாற்றியவன் கண்காணாத இடத்தில் இருக்கிறான். எனக்குக் கோபம் உள்ளூர்க் கடைக்காரர் மேல்தான். “ப்ளக்-இன் எல்லாம் பழசாயிட்டு சார், அதான் வைரஸ் ஏறியிருக்கு, ஃபார்மட் அடிச்சிருவோம்” என்று வாங்கி வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டதில் டெஸ்க்டாப்பில் இருந்த பென்ஷன் ஸ்கேன்கள் போயே போய்விட்டன. அதை எடுத்து வைக்கவா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பில்லை நான் பார்த்தேன்: விண்டோஸ் ஃபார்மட் 600, ஃப்ளாஷ் பிளேயர் அப்டேட் 350, ஆன்ட்டிவைரஸ் 850. செத்துப்போனதற்கு அப்டேட்! அந்த ஆன்ட்டிவைரஸும் கிராக் போட்டது, அதாவது திருட்டுக் காப்பி.

வீட்டுக்கு வந்து குரோமில் ஜிமெயிலைப் போட்டு உள்ளே போனதும் பழைய கதை மறுபடி ஆரம்பம். “ஏலே, காசு குடுத்தும் சனியன் போவலையே” என்று போன் வந்தது. போய்ப் பார்த்தால், அன்று இறக்கிய அந்த ஃபைல் குரோமுக்குள் ஒரு எக்ஸ்டென்ஷனை, அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு குட்டி புரோகிராமைச் சொருகியிருக்கிறது. அது கூகுள் கணக்கோடு சிங்க் ஆகி அங்கேயும் பதிந்திருந்ததால் ஃபார்மட்டுக்குப் பிறகும் அதுவாகவே இறங்கிவிட்டது. எக்ஸ்டென்ஷனை நீக்கியதும் தேடல் சரியானது. மூலையில் வரும் டிங் டிங்குக்கு மறுபடி அனுமதி கொடுத்திருந்தார்; குரோம் செட்டிங்ஸில் தள அமைப்புகள், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் அந்தத் தளத்தை எடுத்ததும் அதுவும் நின்றது. பத்து நிமிஷ வேலை. அப்புறம் ஜிமெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை என் போனிலிருந்து மாற்றிக் கொடுத்தேன்.

இந்த மாதிரிக் கட்டம் வந்தால் பக்கத்தை மேலும் கீழும் உருட்டிப் பாருங்கள். கூடவே நகர்ந்தால் அது பிரவுசர் சொல்வதல்ல, அந்தப் பக்கத்தில் எவனோ எழுதி வைத்தது. நகராமல் நின்றாலும் நம்பவேண்டியதில்லை, அப்படி நிற்கவைக்கவும் முடியும். எதையும் அமுக்காமல் கன்ட்ரோல், டபிள்யூ சேர்த்துத் தட்டி மூடுங்கள். மூட விடாமல் அடம்பிடித்தால் குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் தட்டினால் அதன் டாஸ்க் மேனேஜர் வரும். அங்கே அந்தப் பக்கத்தை முடித்துவிடலாம். குரோமுக்கு உண்மையிலேயே அப்டேட் இருந்தால் தானாகவே இறங்கும், மேல் மூலை மூன்று புள்ளியில் உதவி என்ற இடத்தில் பார்க்கலாம். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கடைக்காரரிடம் 350 ரூபாயைத் திருப்பிக் கேட்டோம். “அது சர்வீஸ் சார்ஜ்ல வரும் சார்” என்றார். பில்லில் அப்படி இல்லையே என்றதற்குப் பதில் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். பில் பெரியப்பா கையில் பத்திரமாக இருக்கிறது.