மூன்று சிலிண்டர் வண்டிக்கு நான்கு பிளக் பில்: சேலத்தில் சின்ன கார் வைத்திருப்பவர்களுக்கு

ஆல்ட்டோ கே10, பழைய வேகன் ஆர், ஏ-ஸ்டார், எஸ்டிலோ, செலெரியோ மாதிரி சின்ன பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் ஏற்காடு மலை ஏறி இறங்குபவர்கள், அடுத்த முறை வண்டியைப் பட்டறையில் விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். சேலம் நகரத்துக்குள் இருக்கும் ஒரு பட்டறை என்னிடம் 27,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, என் வண்டியில் கிடையவே கிடையாத பாகங்களை மாற்றியதாகப் பில் கொடுத்தது. பழுது மட்டும் அப்படியே இருந்தது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நடந்துகொண்டிருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. தயவுசெய்து கமெண்டில் யாரும் ஊகித்துப் பெயர் எழுத வேண்டாம்.

என்னுடையது 2013 ஆல்ட்டோ கே10. அம்மா நாகலூரில் இருக்கிறார், அதனால் அடிவாரம் வழியாக அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளும் எனக்கும் வண்டிக்கும் பழக்கம். ஒரு நாள் ஏறும்போது இரண்டாவது கியரில் வண்டி இழுக்கவே இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் துள்ளியது. டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. வளைவில் ஓரம் கட்டி நிறுத்தினால் ஸ்டியரிங்கே நடுங்கியது. அங்கிருந்து மெதுவாகத் திரும்பி இறங்கி, நேராகப் பட்டறைக்குத்தான் போனேன்.

போர்மேன் பானெட்டைத் திறந்தார், காது வைத்துக் கேட்டார், அவ்வளவுதான். "மேடம், இன்ஜின் வீக் ஆயிடுச்சுங்க. ரிங் தேஞ்சிருக்கு, டைமிங் பெல்ட்டும் லூசு. இப்ப பார்க்கலைன்னா மலையில நடுவழியில நின்னுடும்" என்றார். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையம், டைமிங் பெல்ட் என்பது வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பெல்ட். பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரைப் போடவில்லை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்க்கவில்லை. சைலன்சர் அடைத்திருக்கும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டால் பிக்கப் நன்றாக வரும் என்றும் சொன்னார். அதற்கு மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. கழற்றியதைப் பழைய விலைக்கு விற்றாலே நல்ல காசு. உங்களிடம் யாராவது அதைக் கழற்றலாம் என்று சொன்னால் காரணத்தை யோசியுங்கள்.

வண்டி திரும்பி வந்தபோது பில்லில் இருந்தவை: டைமிங் பெல்ட் கிட், பிஸ்டன் ரிங் செட், ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) வேலை, ஸ்பார்க் பிளக் நான்கு, இன்ஜின் ஆயில் ஐந்து லிட்டர், ஃபில்டர், லேபர். பழைய பாகங்களைக் கேட்டேன். "அதெல்லாம் காயலான் கடைக்குப் போட்டாச்சுங்க மேடம்" என்றார்கள்.

அடுத்த ஏற்றத்திலேயே விளக்கு மறுபடி மின்னியது. அதே துள்ளல், அதே நடுக்கம்.

கோரிமேட்டுப் பக்கம் இருக்கும் தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் வண்டியைப் பார்க்கவில்லை, பில்லைக் கேட்டு வாங்கிப் படித்தார். படித்து முடித்ததும், "ஏம்மா, இந்த வண்டியில டைமிங் பெல்ட் எங்கம்மா இருக்கு? இது செயின்ல ஓடுற இன்ஜின்மா" என்றார். எனக்கு உடம்பே பதறிவிட்டது.

ஆல்ட்டோ என்ற ஒரே பெயரில் வெவ்வேறு இன்ஜின்கள் நம் ரோட்டில் ஓடுகின்றன. ஒன்று 796 சிசி எஃப்8டி. மூன்று சிலிண்டர். அதில் டைமிங் பெல்ட் உண்டு, கையேட்டில் சொன்ன காலத்தில் அதை மாற்றியாக வேண்டும். இன்னொன்று என் வண்டியில் இருக்கும் 998 சிசி கே10பி. இதுவும் மூன்று சிலிண்டர்தான், பிளாக்கே (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடல்) அலுமினியம். இந்த இன்ஜினில் ரப்பர் பெல்ட்டுக்குப் பதிலாக ஆயிலில் நனைந்தபடி ஓடும் செயின். அதைக் குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்ற கணக்கு கிடையாது. ஆயிலை ஒழுங்காக மாற்றாமல் விட்டால்தான் செயின் நீண்டு, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கரகரவென்று சத்தம் வரும்.

எதில் எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இன்ஜினின் பக்கவாட்டில், புல்லிகள் இருக்கும் இடத்தில், பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தால் உள்ளே பெல்ட். ஆயில் கசியாமல் உலோக மூடியால் அடைத்திருந்தால் செயின். வெளியே தெரியும் ஆல்டர்னேட்டர் பெல்ட் வேறு. பிறகு நான் கேட்கப் போனபோது, "அந்தப் பெல்ட்டைத்தான் டைமிங்னு போட்டுட்டாங்க" என்று சமாளித்தார்கள். ஆனால் அந்த வெளிப் பெல்ட் பழையதுதான். ஓரமெல்லாம் வெடித்திருந்ததை மெக்கானிக் அண்ணா தொட்டுக் காட்டினார், போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

ஸ்பார்க் பிளக் விஷயத்துக்கு விளக்கமே தேவையில்லை. சிலிண்டருக்கு ஒன்று, மூன்று சிலிண்டருக்கு மூன்று. நான்காவதை எங்கே சொருகினார்கள்? மூன்றையும் கழற்றிப் பார்த்தோம், மூன்றும் முனை தேய்ந்து கறுத்த பழைய பிளக்குகள். ஆயிலும் அப்படியே. இந்த இன்ஜின் ஃபில்டர் உட்பட ஏறக்குறைய மூன்று லிட்டர்தான் குடிக்கும். ஐந்து லிட்டர் ஊற்றியிருந்தால் டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டியிருக்கும், உள்ளே சுற்றும் கிராங்க் தண்டு அடித்து நுரைத்திருக்கும். டிப் ஸ்டிக்கை இழுத்தால் அளவு சரியாக இருந்தது, ஆயிலோ கன்னங்கரேல். பெட்ரோல் வண்டியில் புது ஆயில் இவ்வளவு சீக்கிரம் அப்படிக் கறுக்காது.

ரிங் மாற்ற வேண்டுமானால் ஹெட்டைக் கழற்ற வேண்டும், கீழே சம்ப்பையும் (ஆயில் தொட்டி) இறக்க வேண்டும். வால்வ் கவர் போல்ட்களில் வருடக்கணக்கான அழுக்கு உடையாமல் இருந்தது. சம்ப் ஓரத்தில் மண் ஒட்டிக் காய்ந்திருந்தது. யாரும் கை வைக்கவே இல்லை.

அப்புறம்தான் அவர் ஸ்கேனரை மாட்டினார். ஸ்டியரிங்குக்குக் கீழே அதற்கான சாக்கெட் இருக்கிறது. பி0303 என்று வந்தது. பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்லாத மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. பி0301, 0302, 0303 என்றால் முறையே ஒன்று, இரண்டு, மூன்றாவது சிலிண்டர். இந்த வண்டியில் ஒவ்வொரு பிளக் தலையிலும் தனித்தனியாக, பொறிக்கான மின்சாரம் தரும் ஓர் இக்னிஷன் காயில் உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவதில் இருந்ததைக் கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டி, முதலாவதை மூன்றாவதில் மாட்டினார். ஸ்கேனரில் அந்தக் குறியீட்டை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் பி0301 என்று மாறி வந்தது. அதாவது பழுது காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது, இன்ஜின்மேல் குற்றமில்லை. இதைவிடத் தெளிவான நிரூபணம் வேறு என்ன வேண்டும்? ஒரு காயில், மூன்று பிளக், ஆல்டர்னேட்டர் பெல்ட், உண்மையான ஆயில் சர்வீஸ், எல்லாம் சேர்த்தும் அந்த முதல் பில்லில் கால் பங்குகூட வரவில்லை.

மூன்று சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் 240 டிகிரி சுற்றுவதற்கு ஒரு முறைதான் வெடிப்பு. அதனால் நல்ல நிலையில் இருக்கும்போதே ஐடிலிங்கில் நான்கு சிலிண்டர் வண்டியைவிடக் கொஞ்சம் அதிர்வு இருக்கும், அது இயல்பு. ஒரு சிலிண்டர் போனால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போச்சு. சமதளத்தில், ஐந்து ரோட்டு நெரிசலில், அது பெரிதாகத் தெரியாது. சேலத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறும்போது உடனே தெரியும். இந்தப் பயத்தை வைத்துத்தான் "இன்ஜின் போச்சு" என்கிறார்கள்.

ரிங் உண்மையிலேயே தேய்ந்தால் சைலன்சரில் நீலப் புகை வரும், ஆயில் குறைந்துகொண்டே போகும். ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போனால் வெள்ளைப் புகை, கூலன்ட் குறைவு, ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த டீ மாதிரி ஒரு படிவு. என் வண்டியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் நேராக ஹெட்டைத் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி கம்ப்ரஷன் கேஜ் வைத்து மூன்று சிலிண்டரிலும் அளவு எடுக்க வேண்டும். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் குறைந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ. இந்த எண்களை எழுதித் தராத யாரிடமும் இன்ஜினைத் திறக்கச் சம்மதிக்காதீர்கள்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. கூலன்ட் டப்பாவில் இருந்தது வெறும் தண்ணீர். நான் விட்டபோது பச்சைக் கூலன்ட் இருந்தது. ஏற்காட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தமும் கூலன்ட்டும் சேர்ந்துதான் ஏற்றத்தில் இன்ஜினைக் காப்பாற்றுகின்றன. உப்புத் தண்ணீரை அலுமினிய பிளாக்கில் ஓடவிட்டால் உள்ளே அரிக்கும். என்னிடம் பொய் பில் கொடுத்ததைவிட இதுதான் எனக்கு அதிகக் கோபம். அந்த வண்டியில் அம்மாவை உட்காரவைத்து மலை இறக்குகிறேன்.

விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள், மின்னினால் ஏறுவதை அங்கேயே நிறுத்துங்கள். மிஸ்ஃபயரில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை உருக்கிவிடும். அப்புறம் உண்மையாகவே பெரிய செலவு.

பட்டறைக்காரர்கள் முதலில் மறுத்தார்கள், அப்புறம் "டைப்பிங் மிஸ்டேக்" என்றார்கள். பில்லையும் போட்டோக்களையும் இரண்டாவது மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கையையும் இணைத்து பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிய பிறகு, பெல்ட் கிட், பிளக், ஆயில் பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். ரிங், ஹெட் வேலை, லேபர் தொகைக்குச் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 2019 சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்கிறார்கள். சமீபத்தில் இதே மாதிரி கே10பி வண்டிக்கு டைமிங் பெல்ட் பில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். தனித்தனியாக ஓடாமல் சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.