ஒவ்வாமைப் பரிசோதனை: ரத்தமா, தோலா, உணவா?

இறால் சாப்பிட்டதும் உதடு வீங்கியவருக்கும், முட்டை ஊட்டியதும் முகமெல்லாம் தடித்துப்போன குழந்தையின் தாய்க்கும் சிங்கப்பூரில் நான்கு வழிகள் இருக்கின்றன. பக்கத்து மருந்தகத்தில் (கிளினிக்கில்) பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கலாம். மருத்துவமனையின் ஒவ்வாமைப் பிரிவில் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை செய்துகொள்ளலாம். மருத்துவர் கண்முன்னே அந்த உணவையே உண்டு பார்க்கலாம். நான்காவதாக, நூற்றுக்கணக்கான உணவுகளை ஒரே ரத்த மாதிரியில் ஆராய்வதாகச் சொல்லி விற்கப்படும் பட்டியல் சோதனை ஒன்றை வாங்கலாம். இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "எது துல்லியமானது?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். முதல் மூன்றும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. நான்காவது எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை என்பது என் கருத்து; காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ரத்தப் பரிசோதனை தேடுவது ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தை. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா தம்பதியும், சுவீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். 1968இல் பெயர் நிலைத்தது. ஒவ்வாமை உள்ளவரின் உடலில் இது மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். உரிய புரதம் வந்து தொட்டதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். அரிப்பு, தடிப்பு, வீக்கம், இளைப்பு எல்லாம் அதனால் வருபவை. ஆய்வுக்கூடத்தில் இறால் புரதத்தையோ வேர்க்கடலைப் புரதத்தையோ ஒரு பரப்பில் பதித்து, அதன்மேல் நம் ரத்தச் சீரத்தை விட்டு, எவ்வளவு ஐஜிஇ அதில் ஒட்டுகிறது என்று அளக்கிறார்கள்.

கொடுப்பவருக்கு இதில் சிரமம் குறைவு. வெறும் வயிற்றோடு போகவேண்டியதில்லை. அரிப்புக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் முடிவு மாறாது. கையிலிருந்து ஒரு குழாய் ரத்தம் எடுப்பார்கள். சில நாள்கள் கழித்து அறிக்கை வரும். சங்கடம் அந்த அறிக்கையைப் பிரித்தபிறகுதான் தொடங்குகிறது.

அதில் ஒவ்வொரு உணவுக்கும் எதிரே லிட்டருக்கு இத்தனை கிலோ யூனிட் என்று ஓர் எண் இருக்கும். 0.35 என்பது நெடுங்காலமாகப் புழங்கிவரும் எல்லைக்கோடு. இன்றைய கருவிகள் 0.1 வரைகூட அளக்கும். மேலே 100 வரை போகும். எண்ணுக்குப் பக்கத்தில் 0 முதல் 6 வரை ஒரு வகுப்பும் போட்டிருப்பார்கள். வகுப்பு 2 என்றால் லேசான ஒவ்வாமை, வகுப்பு 5 என்றால் உயிருக்கு ஆபத்து என்று மக்கள் வாசிக்கிறார்கள். அந்த எண் அப்படிச் சொல்லவே இல்லை. எண் கூடக் கூட, அந்த உணவு உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாமல் போகும் வாய்ப்புக் கூடுகிறது, அவ்வளவுதான். ஒத்துக்கொள்ளாதபோது வெறும் அரிப்போடு நிற்குமா, மூச்சு அடைக்குமா என்பதை எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. குறைந்த எண் உள்ளவருக்குக் கடுமையான பாதிப்பு வந்ததும் உண்டு. அதிக எண் வைத்துக்கொண்டு அந்த உணவை நிம்மதியாகச் சாப்பிடுகிறவரும் உண்டு.

உறவுக்கார அக்கா ஒருவர் மகனின் அறிக்கையோடு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மூக்கொழுகலுக்காகப் போன பையனுக்கு, கேட்காமலே ஒரு நீண்ட ஐஜிஇ பட்டியல் சோதனையை மருந்தகத்தில் செய்துவிட்டிருந்தார்கள்.

"தம்பி, கோதுமைக்கு வகுப்பு மூன்று என்று போட்டிருக்கிறது. நாளையிலிருந்து சப்பாத்தியை நிறுத்திவிடட்டுமா?"

"அக்கா, சப்பாத்தி சாப்பிட்டு அவனுக்கு எப்போதாவது ஏதாவது வந்ததா?"

"எதுவும் வந்ததில்லையே. இப்போதுகூட ரொட்டிதான் தின்றுகொண்டிருக்கிறான்."

அந்தக் கடைசி வரி, வகுப்பு மூன்றைவிடப் பலமான சான்று. உடல் ஒரு புரதத்துக்கு எதிராக ஐஜிஇ தயாரித்து வைத்திருப்பது வேறு, அந்தப் புரதத்தால் நோய்ப்படுவது வேறு. ரத்தப் பரிசோதனை காட்டுவது முதலாவதை மட்டுமே. சாப்பிட்டு ஒன்றும் ஆகாத உணவை, தாளில் எண் வந்துவிட்டது என்பதற்காக நிறுத்தக்கூடாது. மருத்துவரைக் கேளாமல் நிறுத்தவேண்டாம் என்றுதான் அக்காவிடமும் சொன்னேன்.

சிங்கப்பூரில் இந்தக் குழப்பம் இறாலில் அடிக்கடி வரும். ஈரமும் வெப்பமும் ஆண்டு முழுவதும் மாறாத இந்த ஊரில் மெத்தையிலும் தலையணையிலும் தூசிப் பூச்சிகள் செழித்து வாழ்கின்றன. தெர்மட்டோபகாய்டிஸ், புளோமியா டிராபிகாலிஸ் என்ற இரண்டு வகைகள் இங்கே முக்கியமானவை. காலையில் எழுந்ததும் தும்மல், மூக்கடைப்பு என்று அவதிப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இவற்றுக்கு எதிரான ஐஜிஇ இருக்கும். தூசிப் பூச்சியின் தசையில் உள்ள டிரோபோமயோசின் என்ற புரதம் இறாலிலும் நண்டிலும் கரப்பான்பூச்சியிலும் ஏறக்குறைய அதே வடிவில் இருக்கிறது. அதனால் தூசிக்குத் தும்முகிற ஒருவரின் ரத்தம் இறாலுக்கும் 'ஆம்' என்று சொல்லிவிடலாம். அவர் தேக்கா சந்தையில் இறால் வாங்கி வாரந்தோறும் தொக்கு வைத்துச் சாப்பிடுகிறவராகவே இருக்கலாம். பருப்பு வகைகளிலும் இதே கதைதான். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தையின் ரத்தம் துவரை, கொண்டைக்கடலை, பட்டாணிக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எண் காட்டலாம். சைவக் குடும்பத்தில் அந்தத் தாளை நம்பிப் பருப்பை எல்லாம் எடுத்துவிட்டால் பிள்ளைக்குப் புரதம் எங்கிருந்து வரும்?

தோல் குத்துச் சோதனை அதே ஐஜிஇயைத்தான் தேடுகிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் தேடாமல் நம் தோலிலேயே தேடுகிறது. முன்கையின் உட்புறத்தில் பேனாவால் எண்கள் எழுதுவார்கள். ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு துளி திரவம். தாதி சின்ன முனையால் துளியின் வழியாகத் தோலை மெல்லக் குத்தி எடுப்பார், ரத்தம் வராது. ஒரு துளி ஹிஸ்டமின், அது தடிக்கவேண்டும். ஒரு துளி உப்புநீர், அது தடிக்கக்கூடாது. இரண்டும் சரியாக இருந்தால்தான் நடுவில் உள்ளவற்றை நம்பலாம். பிறகு கையைச் சொறியாமல் கால் மணி நேரம் உட்காரவேண்டும். சிறுவர்களுக்கு அதுதான் பெரிய பாடு. கொசு கடித்ததுபோல் எழும்பும் தடிப்பை அளவுகோல் வைத்து அளப்பார்கள். உப்புநீர்த் தடிப்பைவிட 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெரிதாக இருந்தால் 'ஆம்'. அன்றே முடிவு தெரிந்துவிடும், அன்றே மருத்துவரிடம் கேட்கவும் முடியும்.

இதற்கு இன்னொரு பலமும் உண்டு. ஆய்வுக்கூடப் பட்டியலில் இல்லாத உணவைக் கையோடு கொண்டுபோகலாம். பழத்தையோ சமைத்த உணவையோ முதலில் குத்தி, அதே முனையால் தோலைக் குத்திப் பார்ப்பார்கள். உழவாரன் குருவியின் கூட்டிலிருந்து செய்யும் பறவைக்கூட்டுச் சாறு போன்ற நம் வட்டாரத்து உணவுகளுக்கு இந்த முறை பெரிதும் உதவும். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு உணவால் வந்த கடும் ஒவ்வாமை பற்றி 1999இல் வெளிவந்த ஆய்வில் முதலிடம் பிடித்தது பறவைக்கூடுதான். மேலைநாட்டுப் பட்டியல்களில் அதைத் தேடினால் கிடைக்காது.

தோல் சோதனைக்குத் தடைகளும் உண்டு. செட்டிரிசின், லோரடடின் போன்ற அரிப்பு மாத்திரைகளைப் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாளுக்கு முன்பே நிறுத்தவேண்டும். சளி மருந்துகள் பலவற்றிலும் இதே வகை மருந்து கலந்திருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கை முழுக்க எக்ஸிமா என்ற அரிப்புத் தோல்நோய் இருந்தால் குத்த இடம் இருக்காது. நகத்தால் கீறினாலே தடிக்கும் தோலில் எதையும் அளக்க முடியாது. கட்டுப்படாத ஆஸ்துமா, கர்ப்பம், முன்பு மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது ஆகிய நிலைகளில் மருத்துவர்கள் ரத்தத்தின் பக்கம் போவார்கள்.

ஆக, சந்தேகம் ஒன்றிரண்டு உணவின்மேல் இருந்து, தோல் நன்றாகவும் இருந்தால் தோல் சோதனையிலிருந்து தொடங்குவதையே நான் விரும்புவேன். அங்கே ஒரு நிபுணர் முதலில் உட்காரவைத்து, என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நிமிடத்தில் வந்தது, முன்பு சாப்பிட்டபோது என்ன ஆனது என்று கேட்டபிறகே குத்துவார். மருந்தகத்தில் எடுக்கும் ரத்தத்தில் அந்தக் கேள்விகள் விட்டுப்போவதுதான் ஆபத்து. இரண்டு சோதனைகளிலுமே 'இல்லை' என்ற முடிவை 'ஆம்' என்பதைவிட அதிகமாக நம்பலாம்.

ரத்தம் தோலை வெல்லும் இடம் ஒன்று உண்டு. உணவை முழுதாக எடுக்காமல் அதன் தனித்தனிப் புரதங்களுக்கு எண் காணலாம். வேர்க்கடலையில் அரா எச் 2 என்ற புரதத்துக்கு ஐஜிஇ இருந்தால் உண்மையான ஒவ்வாமையாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். முட்டையில் ஓவோமியூகாய்டு என்ற புரதம் சூட்டில் அழியாது. அதற்கு எதிரான ஐஜிஇ குறைவாக உள்ள பிள்ளை, காயா ரொட்டியோடு தரும் அரைவேக்காட்டு முட்டையில் ஒரு கரண்டி தின்றால் தடித்துப்போகலாம். அதே பிள்ளை அடுமனையில் வெந்த கேக்கைத் தாங்கிக்கொள்ளலாம். பிறந்தநாள் விழாவில் தட்டோடு ஓரமாக நிற்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் வீட்டில் கேக் கொடுத்துப் பார்ப்பதற்கு முன் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும்.

மூன்றாவது வழியான உணவுச் சவால் சோதனைதான் இறுதித் தீர்ப்பு. மருத்துவமனையில், கடும் ஒவ்வாமைக்கான அவசர மருந்தான அட்ரினலின் தயாராக இருக்க, சந்தேக உணவை மிகச் சிறிய அளவில் தொடங்கி இடைவெளி விட்டுக் கூட்டிக்கொண்டே போவார்கள். பல மணி நேரம் ஆகும். சோதனை முடிந்தபிறகும் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள். பெற்றோருக்கு வயிறு கலங்கும் நாள் அது. எல்லாருக்கும் இது தேவைப்படாது. 2001இல் ஒவ்வாமை நிபுணர் ஹியூ சாம்சன் அமெரிக்கக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், ரத்த அறிக்கையில் முட்டைக்கு 7, பாலுக்கு 15, வேர்க்கடலைக்கு 14 என்ற எண்களைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் உண்மையிலேயே பாதிக்கப்பட்டார்கள். அவ்வளவு உயரத்தில் எண் இருந்து, பாதிப்பு வந்த வரலாறும் இருந்தால் சவாலைத் தள்ளிப்போடுவார்கள். அந்த எண்களை அப்படியே எல்லா ஊர்க் குழந்தைகளுக்கும் பொருத்திவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். எண் நடுவில் ஊசலாடும்போதுதான் சவால் சோதனைக்கு உண்மையான மதிப்பு.

இனி நான்காவது. பெரும்பாலான 'உணவு ஒவ்வாமைப் பட்டியல்'கள் அளப்பது ஐஜிஇயை அல்ல, ஐஜிஜியை. ஐஜிஜி என்பது நாம் ஓர் உணவைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம் என்பதற்கான தடம். தினமும் சோறும் தயிரும் முட்டையும் சாப்பிடுகிறவருக்கு அரிசியும் பாலும் முட்டையும் அந்தப் பட்டியலில் ஒத்துக்கொள்ளாதவையாகச் சிவப்பில் வருவதில் வியப்பில்லை. ஐரோப்பிய ஒவ்வாமைக் கழகம் 2008இலேயே, உணவு ஒவ்வாமையைக் கண்டறிய ஐஜிஜியின் ஒரு வகையான ஐஜிஜி4 சோதனையைப் பயன்படுத்தவேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அமெரிக்க, கனடிய அமைப்புகளின் நிலையும் அதுவே. தலைமுடியை வைத்துச் செய்யும் சோதனைக்கு அறிவியல் அடிப்படையே கிடையாது.

"காசுதானே போகிறது, உணவைக் கொஞ்சம் தவிர்த்தால் என்ன கெட்டுவிடும்?" என்பார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் இது. வளரும் பிள்ளையிடமிருந்து பாலையும் முட்டையையும் கோதுமையையும் ஒரே நாளில் பிடுங்குவது கொஞ்சம் தவிர்ப்பதாகாது. தவிர்ப்பதே ஒவ்வாமையை வளர்க்கவும் கூடும். 2015இல் வெளியான லீப் ஆய்வில், ஒவ்வாமை அபாயம் அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளில் ஒரு பாதிக்கு வேர்க்கடலையைச் சிறு வயதிலேயே கொடுத்துவந்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. ஐந்து வயதில் பார்த்தபோது, சாப்பிட்டவர்களிடம் வேர்க்கடலை ஒவ்வாமை சுமார் 80 விழுக்காடு குறைவாக இருந்தது.

எந்த ஐஜிஇ சோதனையாலும் பிடிக்க முடியாதவையும் உண்டு. பால் குடித்தால் வயிறு உப்புவது பெரும்பாலும் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காததால் வருவது. ஆறு வாரத்துக்கு மேலாகத் தினமும் வந்துபோகும் தடிப்புக்கு உணவு காரணமாக இருப்பது அரிது. தலைச்சாயத்தால் வரும் புண்ணுக்கு முதுகில் 48 மணி நேரம் ஒட்டிவைக்கும் சோதனை வேண்டும். இன்னொன்று நம் பகுதிக்கே உரியது: பால் தாராளமாக ஒத்துக்கொள்ளும் சிலருக்கு, காலக்டோ ஒலிகோசாக்கரைடு என்ற நார்ச்சத்து சேர்த்த பால்மாவு கடுமையான ஒவ்வாமையைத் தந்ததைச் சிங்கப்பூர் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பாலுக்கான ரத்தப் பரிசோதனை எதையும் காட்டாது. டப்பாவின் உட்பொருள் பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டுபோனால்தான் மருத்துவருக்கு வழி கிடைக்கும்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், பலதுறை மருந்தகத்திலிருந்து. அங்கே பரிந்துரைக் கடிதம் பெற்று கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ போனால் மானியக் கட்டணம் கிடைக்கும்; பெரியவர்களுக்குச் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை போன்றவை இருக்கின்றன. காத்திருக்கவேண்டி வரலாம். அதுவரை, முன்பு தெளிவாகப் பாதித்த உணவை மட்டும் ஒதுக்கி வையுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் 995 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

பாலும் முட்டையும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளில் பலர் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் அதிலிருந்து மீண்டுவிடுகிறார்கள். வேர்க்கடலையில் ஐவரில் ஒருவர்போல மீள்கிறார். அதனால் மருத்துவர் ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியிலோ சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லலாம். அந்தச் சமயத்தில் பழைய அறிக்கைகளையும் எடுத்துப்போங்கள். கூடுமானால் அதே ஆய்வுக்கூடத்தில், அதே முறையில் சோதிக்கச் சொல்லுங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தரும் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. எண் இறங்கிவருகிறது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் மருத்துவர் சவால் சோதனைக்கு நாள் குறிப்பார்.