பழவேற்காடு ஊர் நடை: படகை மட்டும் விட்டுவிடுங்கள்

பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவுக்குள் கிடக்கிறது, ஊர் நம் பக்கத்துக் கரையில். உள்ளூர் வழிகாட்டியோடு மூன்று மணி நேரம் நடக்கும் இந்தச் சுற்றில், டச்சுக் கல்லறைக்கு ஈடாக வேறு எதையும் சொல்ல முடியாது.

காலை எட்டு மணிக்கெல்லாம் அங்கே நின்றுவிட வேண்டும். கற்பலகையில் எழுத்தும் குலச்சின்னமும் புடைப்பாகச் செதுக்கப்பட்டவை. சாய்வெயிலில் ஓரத்து நிழல் விழுந்தால்தான் படிக்க வரும். பதினொன்றுக்கு மேல் எல்லாம் தட்டையாகிவிடும். எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸ் தேய்க்காதீர்கள், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கல் அது. வாசலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களை அவசரத்தில் பலர் தாண்டிப் போகிறார்கள். சில நாள் கேட் பூட்டியிருக்கும். காவலரைத் தேடி அழைத்துவர உள்ளூர் ஆள் வேண்டும்; கொடுக்கும் கூலியில் பாதி இதற்கே தகும்.

கோட்டை ஏமாற்றும். 1613இல் கட்டிய கெல்ட்ரியா இன்று முள்ளும் மேடும்தான், மூடிய செருப்பு அவசியம். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை டச்சுக்காரரின் சோழமண்டலக் கரைத் தலைமையிடம் இதுவே. துணி ஏற்றுமதி, வெடிமருந்து ஆலை எல்லாம் வழிகாட்டி நன்றாகவே சொல்கிறார். இதே கரையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாகப் பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியதை மட்டும் சொல்வதில்லை. இந்தச் சுற்றின் பெரிய குறை அதுதான். நீங்களாகக் கேளுங்கள்.

சின்னப் பள்ளிவாசலின் சூரியக் கடிகாரத்துக்கு வெயில் வேண்டும். வெள்ளி மதியம் தொழுகை நேரம், போகாதீர்கள்.

கடைசியில் தனிக் காசுக்குப் படகு என்பார்கள். வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஆழமில்லாத ஏரிதானே என்று ஏறுகிறார்கள். முகத்துவாரத்தில் கடலலையும் ஏரி நீரோட்டமும் மோதும் இடத்தில் அந்தக் கணக்கு செல்லாது.

அந்தக் காசுக்கு ஊர்ப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டி வாங்கலாம். மூடியைத் திருப்பிப் பாருங்கள், ஓலை நுனி உள்ளே செருகியிருக்க வேண்டும். வெளியே நீட்டியிருந்தால் சில மாதத்தில் பிரியும். சாயம் போட்டதை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, நிழலில் காற்றாட வையுங்கள்; வெயிலில் போட்டால் ஓலை வெடிக்கும்.