பல்கடிக்கு எது சரி: ரப்பர் கார்டா, கெட்டி கார்டா, ஊசியா?

குமுளியில் ஏலக்காய் ஸ்டோரில் எனக்கு வேலை. காலையில் எழுந்தாலே காதோரம் கனக்கும், பொட்டு இரண்டும் வலிக்கும், மலைக் குளிர்தான் காரணம் என்று வருஷக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் மனைவிதான் சொன்னாள்: "என்னங்க, ராத்திரி பூரா நறநறன்னு பல்லைக் கடிக்கிறீங்க, பக்கத்துல படுக்கவே பயமா இருக்கு." பக்கத்து வீட்டுச் சேச்சி இதைப் பல்லிறும்மல் என்றார். கம்பத்தில் இருக்கும் அம்மா, போனிலேயே பூச்சி மருந்து வாங்கிப் போடச் சொன்னார்.

பூச்சி மருந்தைப் போட்டேன், பல்கடி அப்படியே இருந்தது. வயிற்றில் பூச்சி இருந்தால் மருந்து போடத்தான் வேண்டும், ஆனால் பெரியவர்களின் பல்கடிக்கு அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. தூக்கம் சில நொடிகள் லேசாகக் கலையும்போது மூளை விழிக்கப் பார்க்கிறது, நாடித்துடிப்பு கூடுகிறது, உடனே தாடைத் தசை இறுகுகிறது, பெரும்பாலும் நடப்பது இதுதான். அதனால் பல் வரிசையைக் குறை சொல்லி, மேடான பல்லை ராவிச் சமன் செய்தால் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். ராவிய எனாமல் திரும்ப வளராது.

சரி, கார்டுக்கு வருவோம், அதாவது ராத்திரி பல்லில் மாட்டிக்கொண்டு படுக்கும் உறை. முதலில் ஆன்லைனில் ரப்பர் மாதிரி ஒன்று வாங்கினேன். வெந்நீரில் போட்டு எடுத்து, சூடு தணிந்ததும் கடித்தால் பல்லின் அச்சு பதியும். விலை சில நூறு ரூபாய்தான், வாயில் மெத்தென்று இருந்தது, ஆனால் தூக்கத்திலும் அதைச் சவைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன் போல, தாடை வலி கூடியது, இரண்டாம் மாதம் வலது கடைவாய்ப் பக்கம் ஓட்டையே விழுந்தது. பிறகு கீழே தேனிப் பக்கம் ஒரு பல் டாக்டர் அளவெடுத்துக் கெட்டி அக்ரிலிக்கில் செய்து கொடுத்தார். விலை பல மடங்கு. முதல் வாரம் எச்சிலாக ஊறியது, இரண்டு தடவை தூக்கத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டேன். பழகியதும் காலை வலி பாதியாகக் குறைந்தது. 1987இல் ஓக்சன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 10 பேருக்கு இரண்டு வகையையும் மாட்டிப் பார்த்திருக்கிறார்: கெட்டியில் 8 பேருக்குத் தசை இறுக்கம் குறைந்தது, மெத்தென்றதில் 5 பேருக்குக் கூடியது. சின்ன ஆய்வுதான், ஆனால் எனக்கு நடந்ததும் அதுவே.

இப்போது என் கார்டை வெளிச்சத்தில் பிடித்தால் வலது பக்கம் அம்மியில் அரைத்த தடம் மாதிரி மங்கலான கோடுகள் தெரிகின்றன. அந்தக் கோடு அத்தனையும் என் பல்லில் விழுந்திருக்க வேண்டியது. அதாவது கார்டு போட்டாலும் கடி நிற்கவில்லை, பல் மட்டும் தப்பிக்கிறது. இது தெரியாமல் வாங்குபவர்கள் மூன்றாம் மாதமே ஏமாந்து தூக்கிப் போடுகிறார்கள்.

போடாக்ஸ் ஊசி கன்னத் தசையைத் தளர்த்தும். கடியின் பலம் குறையும், எத்தனை தடவை கடிக்கிறோம் என்பது பெரிதாக மாறாது. மூன்று நான்கு மாதத்தில் வேகம் போய்விடும், மறுபடி போட வேண்டும். கார்டு போட்டும் தாங்க முடியாத வலி இருப்பவர்கள் யோசிக்கலாம், முதல் வைத்தியமாக நான் சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம்விட முக்கியம் குறட்டை. கார்டு வாங்கும் முன் பக்கத்தில் படுப்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: தூங்கும்போது எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதா? ஆமாம் என்றால் முதலில் தூக்கப் பரிசோதனைக்குப் போங்கள், ஏனென்றால் மேல்தாடைக்கு மாட்டும் கார்டு சிலருக்கு மூச்சுத் தடையை இன்னும் மோசமாக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குக் கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைக்கும் வேறு சாதனம் இருக்கிறது, மூச்சும் சீராகும், பல்கடியும் குறையலாம். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளாலும் பல்கடி வரும், ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ராலின் மாதிரி. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். குடி, பீடி, சாயங்காலத்துக்கு மேல் கட்டன்சாயா (பால் விடாத டீ), இந்த மூன்றையும் குறைத்துப் பார்க்கக் காசு செலவில்லை.

குழந்தைகள் கடித்தால் இவ்வளவு பதற வேண்டாம். பெரும்பாலும் வளர வளரத் தானாகக் குறையும், தாடை வளரும் வயதில் கார்டும் வழக்கமாகக் கொடுப்பதில்லை. குறட்டை விடுகிறதா, வாயால் மூச்சு விடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

அப்புறம், அக்ரிலிக் கார்டைப் பச்சைத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள், வெந்நீர் பட்டால் வளைந்துவிடும். பல் டாக்டரிடம் போகும்போதெல்லாம் அதையும் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், தேய்ந்த தடத்தைப் பார்த்தே எந்தப் பக்கம் அதிகம் கடிக்கிறீர்கள் என்று அவர் சொல்லிவிடுவார்.