64 எஞ்சின்: பின்னோக்கி ஓட்டம் பற்றிய ஒரு புலம்பல்

பாய்லர் குழாய்கள் மாற்றிய பிறகு எங்கள் 64, அதாவது 64 வகை ஜெர்மன் நீராவி எஞ்சின், மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. அதைப் பார்த்த நண்பர் ஒருவர், தானும் எங்கள் பழங்கால ரயில் சங்கத்தில் சேர்ந்து ஃபயர்மேன் வேலை (எஞ்சின் அடுப்பில் கரி போடும் வேலை) பழகலாமா, பழகுவதென்றால் இந்த எஞ்சின் சரிப்படுமா என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். தெற்கு ஜெர்மனியில் ஒரு கிளைப்பாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடும் பழங்கால ரயில் எங்களுடையது. சில வருடங்களாக அதில் கரி அள்ளிப் போடுகிறேன்.

64 என்றால் என்ன என்று தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். 1928 முதல் 1940 வரை ஜெர்மன் அரசு ரயில்வேயான ரைஷ்ஸ்பானுக்காக 520 எஞ்சின்கள் கட்டினார்கள். டெண்டர் (கரியும் தண்ணீரும் சுமக்கும் தனிப் பெட்டி) இல்லாமல் இரண்டையும் தானே சுமக்கும் டேங்க் எஞ்சின், 14 பார் பிரஷர், செல்லப்பெயர் பூபிகோப்ஃப், அதாவது குட்டையாக வெட்டிய முடி. இது போதும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதன் இருபக்கச் சமநிலை. நடுவில் மூன்று ஜோடி ஓட்டுச் சக்கரங்கள், முன்னால் ஒரு ஜோடி சிறிய சக்கரம், பின்னாலும் அப்படியே ஒன்று. எந்தப் பக்கம் போனாலும் மணிக்கு 90 கிலோமீட்டர் போகலாம். இதன் கூடப்பிறப்பு என்று சொல்லத்தக்க 24 வகை எஞ்சினுக்கும் கிட்டத்தட்ட இதே பாய்லர்தான். ஆனால் அது டெண்டர் எஞ்சின், பின்னோக்கி 50-க்கு மேல் ஓட்டக்கூடாது. கிளைப்பாதையின் கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைத் திருப்ப டர்ன்டேபிள் இருக்காது. இருந்தாலும் திருப்புவதற்கு நேரமும் ஆளும் வேண்டும். 64 போய்ச் சேர்ந்ததும் கழற்றிவிட்டு, பக்கத்துத் தண்டவாளம் வழியாக ரயிலின் மறுமுனைக்கு வந்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். ரைஷ்ஸ்பானின் எஞ்சின் வடிவமைப்பாளர் ரிச்சர்ட் பால் வாக்னரின் குழு கிளைப்பாதைகளின் பிழைப்பை நன்றாகவே புரிந்துவைத்திருந்தது. அச்சுக்குச் சுமார் 15 டன் பாரம்தான் என்பதால் லேசான தண்டவாளமும் தாங்கும். பல பாகங்கள் 86 வகை எஞ்சினுக்கும் பொதுவானவை. இதையெல்லாம் மனதாரப் பாராட்டுகிறேன்.

சரி, இப்போது புலம்பலுக்கு வருகிறேன்.

பின்னோக்கி 90 போகலாம் என்று வரைபடத்தில் எழுதியவர் யாரும், அப்படிப் போகும்போது கேபினில் நின்று பார்த்திருக்க மாட்டார் என்று சத்தியம் செய்வேன். எங்கள் பாதையில் 90 எல்லாம் கிடையாது, மெதுவாகத்தான் போகிறோம். அதற்கே இந்தக் கதி. மூன்று டன் பிடிக்கும் கரித்தொட்டி கேபினுக்குப் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. பின்னோக்கி ஓடும்போது அதுதான் முன்னால் போகிறது. எதிர்க்காற்று கரிக்குவியலின் மேலே தவழ்ந்து, தூளை வாரிக்கொண்டு நேராக உங்கள் முகத்துக்கு வரும். ஜன்னலை மூடினால் பாதை தெரியாது, திறந்தால் கண் தெரியாது. டிரைவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், இருவரும் கரிக்குவியலுக்கு இரு ஓரமும் எட்டிப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். லெவல் கிராஸிங் வேறு ஒன்று மாற்றி ஒன்று வரும்.

தண்ணீர் அடித்து நனைத்துக்கொள் என்பார்கள். நனைக்காமலா இருக்கிறேன்? அதற்கென்று ஒரு ரப்பர் குழாய் தொங்குகிறது. குறைவாக நனைத்தால் அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் மேல்பரப்பு காய்ந்து மறுபடி பறக்கும். அதிகமாக நனைத்தால் மண்வெட்டியில் வருவது சேறு. அதை அடுப்பில் வீசினால் நெருப்பு முகம் சுளிக்கும், பிரஷர் முள் இறங்கும், டிரைவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார்.

நியாயமாகச் சொன்னால் கரியின் தரத்துக்கும் இதில் பங்குண்டு. 2018 டிசம்பரில் பொட்ரோப் நகரின் ப்ரோஸ்பர்-ஹானியல் சுரங்கம் மூடப்பட்டதோடு பழுப்பு நிலக்கரி தவிர ஜெர்மனியின் சொந்த நிலக்கரி முடிந்தது. 2022 ஆகஸ்டில் ரஷ்யக் கரிக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. அதன்பின் எங்கெங்கிருந்தோ வாங்குகிறோம். கடைசியாக வந்த லோடில் கட்டியைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது, மிச்சமெல்லாம் தூள். இதற்கு வாக்னரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கரித்தொட்டிக்கு ஒரு மூடி போட்டிருக்கலாம் அல்லவா? பழுதுக்கு அனுப்பும்போது ஒரு தார்ப்பாய்ச் சட்டமாவது வைக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். பழைய தோற்றம் கெட்டுவிடுமாம். எங்கள் சங்கத்துப் பெரியவர்களே மறுத்துவிட்டார்கள். அவர்கள் யாரும் இப்போது கரி அள்ளுவதில்லை.

பழுதுபார்த்த பட்டறையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சீசனுக்கு முன்னால் தருவதாகச் சொல்லிவிட்டு சீசன் பாதியில் தந்தார்கள். வேலை மட்டும் சுத்தம். ஒரு குழாயிலும் கசிவு இல்லை.

தண்ணீர் 9 கன மீட்டர், எங்கள் தூரத்துக்குப் போதும். தொட்டிகள் காலியாகக் காலியாக எஞ்சின் எடை குறையும், பிடிமானமும் குறையும். இலையுதிர் காலத்தில் ஈர இலைகள் மேல் கடைசி ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும்போது இது நன்றாகத் தெரியும். மணல் தூவிச் சமாளிக்கலாம். நாலு பக்கமும் அடைத்த கேபின் பனிக்காலத்தில் சொர்க்கம். ஜூலையில் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியில் 278, கிழக்கு ஜெர்மனியில் 115 என்று மிஞ்சின, வேறு சில போலந்து போன்ற நாடுகளுக்குப் போயின. 1950-களில் ரயில்பஸ் (தண்டவாளத்தில் ஓடும் சிறிய டீசல் வண்டி) வந்து கிளைப்பாதைகளைப் பிடித்துக்கொண்டது. 1968-ல் மேற்கில் 064 என்று எண் மாற்றினார்கள், 1974-ல் அங்கே கதை முடிந்தது. ரயில்பஸ் வந்ததைத் துரோகம் என்று எங்கள் சங்கத்தில் சிலர் இன்னும் பொருமுவார்கள். எனக்கென்னவோ அப்போது அந்த ஷெட்டில் வேலை பார்த்திருந்தால் ரயில்பஸ்ஸுக்கு மாலை போட்டிருப்பேன்.

ஆக, கிளைப்பாதைக்கு இதைவிடப் பொருத்தமான எஞ்சினை ஜெர்மானியர்கள் கட்டவில்லை என்பது என் கருத்து. ஆனாலும் இதில் பழகாதீர்கள். நேற்று இறக்கம் முழுக்கப் பின்னோக்கி வந்தேன், இன்னும் கண் உறுத்துகிறது. பார்த்து ரசிக்க வேண்டுமென்றால் பவேரியாவின் எபர்மன்ஸ்டாட்டுக்குப் போங்கள், 64 491 என்ற எண்ணுள்ள எஞ்சின் அங்கே இருக்கிறது. இல்லை, சேர்ந்தே தீருவேன் என்றால் பக்கவாட்டும் மூடிய கண்ணாடி ஒன்றை நீங்களே வாங்கிக்கொண்டு வாருங்கள். சங்கம் கொடுப்பது காதில் நிற்பதில்லை.