பழைய எலக்ட்ரிக் புல்வெட்டி டிராக்டர்: மோட்டாரை எங்கே வைத்தார்கள்?

பழைய எலக்ட்ரிக் டிராக்டர் வைத்திருக்கிறேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு நேரம் ஓடும்?" பல வருடமாக இரண்டு வண்டிகளை மாற்றி மாற்றி ஓட்டியதில் எனக்கு அந்தக் கேள்வியே சலித்துவிட்டது. எத்தனை மோட்டார், எது எதைச் சுழற்றுகிறது என்று கேளுங்கள்.

ஒன்று, ஜெனரல் எலக்ட்ரிக்கின் எலக்-ட்ராக் இ15. நியூயார்க் மாநிலம் ஸ்கெனெக்டடி பக்கம் 1969-ல் தொடங்கிய வரிசை இது. பிறகு வீல் ஹார்ஸ், அப்புறம் நியூ ஐடியா என்று கைமாறியது. இன்னொன்று, அதே காலத்தில் வேறொரு கம்பெனி செய்த ரைடர், அதாவது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி. அதைக் கொஞ்சம் திட்டப்போகிறேன், பெயர் வேண்டாம்.

அந்த ரைடரில் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு மோட்டாரை உட்காரவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சக்கரத்துக்கும் பிளேடுக்கும் அதிலிருந்தே பெல்ட். ஈரப் புல்லில் பிளேடு திணறினால் வண்டியும் சேர்ந்து திணறும். பெல்ட் வழுக்கி ரப்பர் நாற்றம் வரும்.

எலக்-ட்ராக்கை வடிவமைத்தவர்கள் வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். சக்கரத்துக்கு ஒரு மோட்டார். பிளேடுகளை மூடியிருக்கும் 42 அங்குல அடிக்கூட்டில், அதாவது டெக்கில், மூன்று பிளேடு, மூன்றுக்கும் தனித்தனி மோட்டார், பிளேடு நேராக மோட்டார் தண்டிலேயே மாட்டியிருக்கும். பெல்ட்டும் கப்பியும் கிடையாது. அடர்ந்த இடத்தில் வண்டியை மெதுவாக்கினாலும் பிளேடின் வேகம் குறையாது. டெக்கைக் கழற்றும்போது பெல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கினால் போதும். பனி தள்ளும் கருவிக்கும் சொந்த மோட்டார்தான். 36 வோல்ட் செயின் சாவைக்கூட வண்டியிலேயே செருகி மரம் அறுக்கலாம். இதே வரிசையின் இ20 மாடலில் டெக்கைத் தூக்கவும் மோட்டார் உண்டு. என் முதுகுக்கு அந்த மாடல்தான் ஏற்றது, கிடைக்கவில்லை.

வேகக் கட்டுப்பாடு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிளம்பும்போது ரெசிஸ்டர்கள் வழியாகப் படிப்படியாக மின்சாரம் ஏறும். முழு மின்னழுத்தம் வந்த பிறகும் வேகம் வேண்டுமா? மோட்டாரின் காந்தப் புலத்தைக் குறைக்கிறார்கள். புலம் மெலிய மெலிய மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்றும், இழுவை குறையும். இறக்கத்தில் அதே மோட்டார் டைனமோவாக மாறி வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும், கொஞ்சம் மின்சாரமும் பேட்டரிக்குத் திரும்பும். வேகம் இன்றைய வண்டிபோல வழுவழுப்பாக ஏறாது. படி மாறும்போது ஒரு சின்ன உலுக்கல் இருக்கும். ஆனால் படிகளை மாற்றும் ரிலே சுவிட்சின் தொடுமுனை கறுத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம். எலக்ட்ரானிக் போர்டு எரிந்தால் அது முடியுமா?

பேட்டரி: கோல்ஃப் வண்டிக்குப் போடும் 6 வோல்ட் ஈய பேட்டரி ஆறு. ஒவ்வொன்றும் 28 கிலோ அளவில் இருக்கும். சில முன்னால், மீதி இருக்கைக்கு அடியில். தண்ணீர் ஊற்ற வேண்டும், முனைகளைத் துடைக்க வேண்டும், அலுப்புதான். லித்தியம் போடலாமே என்பார்கள். போடலாம், ஆனால் அந்த எடைதான் பின்சக்கரத்துக்குப் பிடிமானம். பனி தள்ளுவதாக இருந்தால், குறைந்த எடைக்கு ஈடாக ஏதாவது ஏற்றியாக வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் பேட்டரி செத்திருப்பதைப் பார்த்து ஓடிவிடாதீர்கள். அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். பேட்டரிப் பெட்டியின் அடித்தகட்டை மட்டும் விரலால் தட்டிப் பாருங்கள். அமிலம் அரித்துப் பொருபொருவென்று உதிர்ந்தால் வெல்டிங் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டெக் மோட்டார்கள் மூன்றையும் கையால் சுற்றிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.