பச்சை ஜவ்வரிசி வடிகட்டி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சின்ன முலாம் பட்டறை வைத்திருக்கிறேன். நிக்கல் கழுவிய தண்ணீருக்காகப் பாசி வடிகட்டி ஒன்று வாங்கி நாலு மாதம் ஆகிறது. குளோரெல்லா என்ற பச்சைப் பாசியைக் காயவைத்து, ஆல்ஜினேட் என்ற கடற்பாசிப் பசையில் உருட்டிய மணிகள். பார்த்தால் பச்சை ஜவ்வரிசிதான். பாசி செத்திருந்தாலும் அதன் செல்சுவர் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் மாதம் ஒன்றும் சரிவரவில்லை. அமிலம் கூடினால் பிடிக்காது என்று விற்றவர் மூச்சே விடவில்லை. சோடா காரம் போட்டு பிஎச்சை (அமில-கார அளவை) 5க்குப் பக்கம் கொண்டுவந்த பிறகுதான் நிக்கல் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியது. 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளின் 'பி' தர வரம்பு அதுதான்.

நீர்த்த அமிலத்தில் அலசினால் மணிகள் மறுபடி உழைக்கும். அலசிய தண்ணீரைக் கால்வாயில் ஊற்றிவிடாதீர்கள், பிடித்த நிக்கல் முழுக்க அதில்தான். நான் தனி டிரம்மில் சேர்க்கிறேன். அப்புறம், குளத்தங்கரை வாடை அடிக்கும். என் மனைவிக்கு இன்னும் பழகவில்லை.